வெள்ளி டப்பி இடப்பக்கமாகப் போகும்

அந்த மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஞானமேரி என்னிடம் இதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். முதல் தடவை இருபத்தெட்டுப் பேர் என்றாள். சில வருஷம் கழித்துச் சொன்னபோது முப்பதுக்கு மேலே ஆகிவிட்டது. கர்னலின் மனைவி கட்டியிருந்தது வெள்ளைச் சேலையா, சந்தன நிறமா என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. எண்பத்தாறாம் வருஷம், சனவரி மாதம் என்பது மட்டும் நிச்சயம். அந்த வருஷம் சாம்பல் புதன் பிப்ரவரி முன்பாதியிலேயே வந்துவிட்டது. தவக்காலம் பிறந்துவிட்டால் நாற்பது நாளைக்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும் என்று அவள் நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டு தடவையும் மாறாத விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் எழுந்து நின்றபோது தான் மட்டும் உட்கார்ந்தே இருந்ததாக அவள் சொன்னது.

பொம்மிடியிலிருந்து நாலு மைல் தள்ளிய அந்த ஊரில் யாகப்பன் வீடு எது என்று கேட்டால் மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். பொடிடப்பி யாகப்பன் என்று கேட்டால் நேரே கூட்டிக்கொண்டு போய் ஞானமேரி வீட்டு வாசலில் விடுவார்கள். அவள் புருஷன் பொடி போடுகிறவர் அல்ல. பீடி கூடக் கிடையாது. இருபத்தொரு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கி பிடித்ததைவிடத் தட்டு பிடித்ததுதான் அதிகம். ஆபீசர்கள் கூடிச் சாப்பிடும் இடத்துக்கு மெஸ் என்று பெயர். அந்த மெஸ்ஸுக்கு அவர் ஹவில்தார். வெள்ளிச் சாமான்களின் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அந்த வெள்ளிச் சாமான்களில் ஒன்று, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மூக்குப்பொடி டப்பி. வெள்ளைக்காரன் காலத்துக் கர்னல் ஒருவர் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பெரிய விருந்து முடிந்ததும் அது மேசையைச் சுற்றி வரும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, எப்போதும் இடப்பக்கமாகவே. பொடி போடுகிறவர் போடலாம், போடாதவர் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி தொட்டுத் தள்ளிவிடலாம். எழுபத்து மூன்றாம் வருஷம் வடக்கே ஓர் ஊரில் நடந்த விருந்தில் அந்த டப்பி மேசையைச் சுற்றக் கிளம்பியது, திரும்பி வரவில்லை. விசாரணை வைத்தார்கள். சாவி யாரிடம் இருந்ததோ அவர்தானே பொறுப்பு? யாகப்பனின் தோளிலிருந்து மூன்று பட்டையில் ஒன்று இறங்கியது. ஹவில்தார் நாயக் ஆனார். மறு வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புஸ்தகத்தில் நடத்தை என்ற இடத்தில் 'சுமார்' என்று அர்த்தம் வருகிற ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திருடன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் மறுத்தாவது பேசியிருக்கலாம் என்பாள் ஞானமேரி.

அந்த ஒரு வார்த்தையால் தர்மபுரியில் பேங்கு வாட்ச்மேன் வேலை போனது. சர்க்கரை ஆலைக் காவல் வேலையும் போனது. பன்னிரண்டு வருஷமாக அவர் அடுத்தவர் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது அது மகள் வாசலுக்கும் வந்து நின்றது. லூர்து மேரிக்கு அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம். பையனின் அப்பா அருள்சாமியும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பெண் பார்க்க வந்தவர் காப்பி குடித்துவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசியில் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தைக் காட்டுங்கள் என்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒரு பக்கத்தை மட்டும் படித்தார்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க, சம்பந்தி," என்றார். "ஆனா இந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியுங்க. ஊர்ல பொடிடப்பி வூடுங்கறாங்க. நாளைக்கு எம் பேரப்புள்ளைங்களையும் அப்பிடித்தான கூப்புடுவாங்க? அது நீங்க பண்ணலன்னு ஆபீசர் ஒருத்தரு கைப்பட ஒரு காயிதம் குடுத்தா, சாம்பல் புதனுக்கு மின்னாடியே கோயில்ல கண்ணால ஓலை வாசிச்சிரலாங்க."

இது நடந்த பதினெட்டாம் நாள் தபால்காரர் தங்க ஓரம் போட்ட ஒரு கனத்த அட்டையைக் கொண்டுவந்தார்.

கர்னல் பொன்னப்பா, ஓய்வு பெற்றவர். ஓசூருக்கு அந்தாண்டை தளி ரோட்டில் திராட்சைத் தோட்டம் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டாளம் தோன்றிய நாளை அவர் தோட்டத்துப் பங்களாவில் பழைய முறைப்படி கொண்டாடுகிறார்களாம். விருந்து, பேண்டு, நடனம். 'நாயக் யாகப்பனும் திருமதி யாகப்பனும்' வந்து சிறப்பிக்க வேண்டுமாம். டப்பி காணாமல் போனபோது இதே பொன்னப்பாதான் மேஜராக இருந்து மெஸ் கமிட்டிக்குத் தலைமை. விசாரணைக் காகிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

யாகப்பன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அவருக்குப் பேச்சு குறைவு. பிறகு எழுந்து கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பதில் எழுதினார். இப்படிப்பட்ட அட்டைக்கு ரெண்டே நாளில் சொந்தக் கையெழுத்தில் பதில் போட வேண்டும் என்றார். 'நான்' என்று எழுதக் கூடாதாம். 'நாயக் யாகப்பனும் திருமதியும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள்' என்று மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுத வேண்டுமாம்.

அன்றிலிருந்து மூன்று வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. இருபத்தொரு வருஷம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர், நாற்காலியில் உட்காரப் போகிறார். அதைவிட, அவள் உட்காரப் போகிறாள். கன்னியர் மடத்திலிருந்து மூன்று முள்கரண்டி இரவல் வாங்கி வந்தார்.

"வெளிய இருக்கறத மொதல்ல எடுக்கணும். அப்பறம் உள்ள இருக்கறது. அப்பறம் அதுக்கும் உள்ள."

"ஒருத்தருக்கு எத்தன முள்ளு வெப்பாங்க?"

"மூணு."

"கெண்டை மீன்ல கூட அத்தன முள்ளு இருக்காது போல," என்றாள் ஞானமேரி.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, சோறு திங்கறதுக்கா அண்ணன் இத்தன டிரில்லு எடுக்கறாரு? நம்ம கை என்னா சூம்பியா போச்சு?"

"நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுடீ."

"காட்டறன், காட்டறன். மாடு கேக்குது, இடது பக்கமாக் குடிக்கறதா, வலது பக்கமாக் குடிக்கறதான்னு."

ஆனால் ஞானமேரிக்கு அது வேகமாகப் பிடிபட்டது. நாற்று நட்ட கைக்கு எதைப் பிடித்தாலும் பிடிபடும். சூப்பைத் தன் பக்கமாக அள்ளாமல் எதிர்ப்பக்கமாக அள்ள வேண்டும். வீட்டம்மா உட்காருமுன் உட்காரக் கூடாது, எழுமுன் எழக் கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் வாழ்த்து ஜனாதிபதிக்கு; அதற்கு முன்னால் கண்ணாடிக் குவளையைத் தொடக் கூடாது. தண்ணீரிலேயே வாழ்த்தலாம், ஆனால் குவளை காலியாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் அவள் ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தாள்.

"அப்பறம் இன்னொண்ணு, ஞானம். நல்லாக் கேட்டுக்க. மேசையில யாருக்கு வாழ்த்துச் சொல்றாங்களோ, அவங்களும் அவங்க வூட்டுக்காரியும் எந்திரிக்கக் கூடாது. மத்தவங்க எல்லாம் நிப்பாங்க. அவங்க உக்காந்துதான் இருக்கணும். கிளாசத் தொடக் கூடாது."

"ஏன்?"

"தனக்குத்தானே வாழ்த்துச் சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிரும். அதவிட அசிங்கம் மெஸ்ல இல்ல. ஒரு சின்ன ஆபீசரு, புதுசாக் கண்ணாலம் ஆனவரு, அவரு பேர்ல வாழ்த்துச் சொன்னப்ப எந்திரிச்சு நின்னுட்டாரு. ஒரு வருசம் சிரிச்சாங்க."

"நம்ம பேர்ல யாரு சொல்லப் போறாங்க?"

"தெரிஞ்சு வெச்சுக்கறதுல என்னா தப்பு?"

அவள் சற்று நேரம் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "காயிதத்தப் பத்தி எப்பக் கேப்பீங்க? சாப்பாட்டுக்கு மின்னாடியா, அப்பறமா?"

"அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"என்னங்க சொல்றீங்க?"

"விருந்தாளியாப் போயி உதவி கேட்டா அது பிச்சை. மேசையில பேசறது மேசையோட போயிரணும். அது வெளிய வரக் கூடாது. அதான் மெஸ்."

"பின்ன எதுக்குப் போறம்? மூணு முள்ளுல திங்கறதுக்கா?"

யாகப்பன் முள்கரண்டிகளை எண்ணித் துணியில் சுற்றி வைத்தார். படுக்கப் போகும்போதுதான், "அவராத்தான கூப்புட்டாரு, ஞானம். ஒண்ணுமில்லாமக் கூப்புடுவாரா?" என்றார்.

அதுதான் அவருடைய கணக்கு. அட்டையே பாதிக் கடிதம் என்று நினைத்திருந்தார். ஞானமேரிக்கு அந்த நம்பிக்கை இல்லை. கிளம்புகிற அன்று காலை, கைப்பையில் ஜெபமாலைக்கு அடியில் கோடு போடாத ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்து வைத்தாள். மகளுடைய பேனாவையும் வைத்தாள். புருஷனுக்குச் சொல்லவில்லை.

தர்மபுரியில் ஒரு பஸ், கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி ஓசூரில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. எலும்புவரை குளிர் இறங்கியது. பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையில் யாகப்பன் கறுப்புக் கோட்டுக்கு மாறி, மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார். பொம்மிடித் தையல்காரர் தைத்த கோட்டு. தோளில் கொஞ்சம் தொங்கியது. பூட்ஸ் மட்டும் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அவளுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அன்று இரவுக்கு மட்டுமானது என்று அப்போது தெரியாது.

பங்களா வாசலில் கர்னலும் மனைவியும் வரிசையின் தலைப்பில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் முறை வந்ததும் யாகப்பன் விறைத்து நின்றார். கர்னல் வெள்ளை மீசைக்காரர், சிவந்த முகம். ஓசூரில் ஏழெட்டு வருஷம் இருந்ததில் தமிழ் பேசக் கற்றிருந்தார்.

"அடடே, யாகப்பா! உயிரோட இருக்கியா?" என்று தோளில் தட்டினார். "இது யாரு, மிசஸ் யாகப்பனா? உங்க புருஷன் கொடுத்த சூப் மாதிரி இந்த ஜில்லாவுல எவனும் கொடுத்ததில்லை, தெரியுமா?"

"கும்புடறங்க," என்று சொல்ல வந்தவள், பயிற்சி நினைவுக்கு வர, கையை நீட்டினாள். கர்னலின் மனைவி அந்தக் கையை விரல் நுனியால் தொட்டு விட்டாள்.

நீண்ட மேசை. பெயர் எழுதிய சின்ன அட்டைகள். யாகப்பனும் அவளும் மேசையின் கடைசியில் அடுத்தடுத்து இருந்தார்கள். அவளுக்கு மறுபக்கம் நீலப் பட்டுக் கட்டிய ஒரு அம்மாள். வேலூர்க்காரி, பட்டாளத்து டாக்டர் ஒருவரின் மனைவி. "நானும் தமிழ்தாங்க, பயப்படாதீங்க," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஞானமேரி அந்த மேசையில் உட்கார்ந்தாள்.

பரிமாறியவர்கள் ஓசூர் ஓட்டல் ஒன்றிலிருந்து வாடகைக்கு வந்த ஆட்கள். ஒருவன் தட்டை வலது பக்கமாக வைத்தான். வைக்க வேண்டியது இடது பக்கமாக; யாகப்பன் அவனையே பார்த்தார். இன்னொருவன் குடிவகை இருந்த கண்ணாடிக் கூஜாவை எதிர்த்திசையில் கொண்டுபோனான். யாகப்பனின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. நாற்காலி ஒரு விரற்கடை பின்னுக்கு நகர்ந்தது. எழுந்துபோய் அதைப் பிடுங்கிவிடுவாரோ என்று ஞானமேரி பயந்தாள். மேசைக்கடியில் அவர் பூட்ஸின் மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். அவர் எழவில்லை. அந்த அளவுக்கு ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். அவள் பயந்தது அதற்குத்தான். அவர் மறுபடியும் பரிமாறுகிறவராக ஆகிவிடக் கூடாது என்பதற்குத்தான்.

ஜனாதிபதிக்கு வாழ்த்து ஆயிற்று. எல்லாரும் நின்றார்கள், அவர்களும் நின்றார்கள், தண்ணீர்க் குவளையைத் தூக்கினார்கள், உட்கார்ந்தார்கள். ஒரு பிசகும் இல்லை. பிறகு கர்னல் கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து, தன் இடப்பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறி, கை மாறி, மேசையைச் சுற்றி வந்தது. வர வர அந்த வரிசையில் இருந்த வயதான ஆபீசர்கள் முகம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் விசிலடித்தார்.

நீலப்பட்டு அம்மாள் அதை வாங்கி ஞானமேரியிடம் கொடுத்தாள். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளி டப்பி. ஞானமேரி அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக அதன் பெயரில் குடியிருந்தவள், அன்றுதான் அதைக் கையில் வாங்கினாள். அதிகக் கனமில்லை. அவள் அதை இடப்பக்கம், புருஷன் கையில் கொடுத்தாள்.

யாகப்பன் அதைத் திறக்கவில்லை. திருப்பி அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே ஒரு சின்னச் சொட்டை இருந்ததாம். அறுபத்தெட்டில் அவர் கையிலிருந்து விழுந்து ஏற்பட்டதாம். கட்டைவிரல் அந்த இடத்தில் நின்றது. பிறகு டப்பியை அடுத்தவரிடம் தள்ளினார். அவர் கண்ணிமை ஆடவில்லை.

கர்னல் எழுந்து இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். மேசை சிரித்தது. நீலப்பட்டு அம்மாள் ஞானமேரியின் காதருகே குனிந்து, அவளும் சிரித்துக்கொண்டே, வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"அந்த ராத்திரி விளையாட்டுக்கு இதை எடுத்துத் தன் ஓவர்கோட்டுப் பையில போட்டுக்கிட்டாராம்… நல்ல போதையாம்… மறுநாள் காலையில லீவுல குடகுக்குப் போயிட்டாராம். கோட்டு டிரங்குப் பெட்டிக்குள்ள போயிருச்சாம், நாப்தலின் உருண்டையோட… லீவு முடிஞ்சு வந்துதான் விசாரணை நடத்தினாராம், சுத்தமா மறந்தே போச்சாம்… நாலு வருஷம் கழிச்சு மேடம் கோட்டைத் தோட்டக்காரனுக்குக் குடுக்கலாம்னு எடுத்து உதறினா…" அம்மாளின் குரல் அங்கே தாழ்ந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. "…அதுக்குள்ள பாவம், மெஸ் ஹவில்தாரு வீட்டுக்குப் போயாச்சாம். எழுதிப் போட்டா விசாரணையே கேலிக்கூத்தா ஆயிடும்னு பத்திரமா வெச்சிருந்தாராம்…" அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. ஞானமேரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்தாள்.

மேசையில் ஆளாளுக்குத் தட்டினார்கள். "ஃபைன்! ஃபைன்!" என்று கத்தினார்கள். விருந்தில் தப்பு செய்தவருக்கு அபராதம் போடுவது அங்கே வழக்கம். மேசையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த இளவயது ஆபீசருக்கு அந்த வேலை. அவர் எழுந்து, பொய்க் கோபத்தோடு தீர்ப்புச் சொன்னார்: கர்னல் எல்லாருக்கும் இன்னொரு சுற்று ஊற்ற வேண்டும், ஒரு பாட்டும் பாட வேண்டும். கர்னல் பாடினார். குடகுப் பாட்டு. நன்றாகத்தான் பாடினார் என்பாள் ஞானமேரி. பாட்டு முடிந்தது. வழக்கும் முடிந்தது.

பிறகு கர்னல் குவளையை உயர்த்தினார். இந்தத் தடவை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "ஹவில்தார் யாகப்பன்!" என்றார். நாயக் என்று சொல்லவில்லை. ஹவில்தார் என்றார்.

நாற்காலிகள் ஒன்றாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அத்தனை ஆபீசர்களும், அவர்கள் மனைவிமாரும் எழுந்து நின்றார்கள். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஆபீசர்கள் எழுந்தார்கள், யாகப்பனும் எழுந்தார். யோசித்து எழவில்லை. ஆபீசர் நிற்க அவர் உட்கார்ந்திருந்த நாள் அவருடைய வாழ்க்கையில் இல்லை. முதுகு நிமிர்ந்து, குதிகால் சேர்ந்து, கை தானாகக் குவளையைத் தூக்கியது. எல்லாரோடும் சேர்ந்து தன் பெயரைத் தானே சொல்லி, தன் பெயருக்குத் தானே குடித்தார்.

மேசை குலுங்கக் குலுங்கச் சிரித்தது. அன்பான சிரிப்புதான். அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று ஞானமேரிக்கே தெரிந்தது. அதனால்தான் அதை அவளால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அவள் எழவில்லை. வாழ்த்து யாருக்கோ அந்த வீட்டார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார்? கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குவளையைத் தொடாமல், நின்றவர்களின் பெல்ட்டுகளையும் பொத்தான்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவரில் அந்த மேசையின் முறைப்படி நடந்தவள் அவள்தான்.

பேண்டு வாசித்தது. ஜோடி ஜோடியாக ஆடினார்கள். அவர்கள் இருவரும் சுவரோரம் இரண்டு நாற்காலியில் இருந்தார்கள். கர்னல் ஆடும்போது அவர்களைக் கடக்கையில் கையசைத்தார். யாகப்பன் ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். ஞானமேரி கைப்பையைத் திறந்து மூடினாள். மடித்த தாள் ஜெபமாலைக்கு அடியில் அப்படியே இருந்தது.

விடைபெறும்போது வீட்டம்மாவிடம் முதலில் கை கொடுக்க வேண்டும், பிறகு வீட்டுக்காரரிடம். இனிய மாலைக்கு நன்றி என்று சொல்ல வேண்டும். அவள் வீட்டம்மாவிடம் கை கொடுத்தாள். கர்னலிடம் வந்ததும் கையை நீட்டாமல் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"நீங்க மேசையில சொன்னத இதுல நாலு வரி எழுதிக் குடுங்க சாமி. எம் பொண்ணு கண்ணாலம் நிக்கிது. பொடிடப்பியத் திருடுனவன் பொண்ணுன்னு வேணாங்கறாங்க. நீங்க எழுதுனா ஓலை வாசிப்பாங்க."

கர்னலின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் தாளைப் பார்த்தார். ஒரு விரல் அதன் ஓரத்தைத் தொட்டது. எழுதியிருப்பார் என்றுதான் ஞானமேரி இரண்டு தடவையும் என்னிடம் சொன்னாள். "அந்த விரல நான் பாத்தன். அது எழுதறதுக்கு வந்த விரலு."

அவர் கண்கள் யாகப்பன் பக்கம் திரும்பின. கேட்பது போல.

யாகப்பன் விறைத்து நின்றார். "மாஃப் கரோ, சாப்," என்று இந்தியில் மன்னிப்புக் கேட்டார். பிறகு தமிழில்: "அவளுக்கு மெஸ் வழக்கம் தெரியாது. மேசையில பேசினது மேசையோட போச்சுங்க, சாப்."

கர்னலின் விரல் விலகியது. முகத்தில் பெரிய நிம்மதி வந்தது. யாகப்பனின் தோளில் தட்டினார். "பார்த்தீங்களா?" என்று பின்னால் நின்றவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பழைய ஆள், பழைய முறை என்கிற மாதிரி ஏதோ. எல்லாரும் தலையசைத்தார்கள். நீலப்பட்டு அம்மாள் மட்டும் ஞானமேரியின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் கேட்டு எழுதிக்கொண்டாள். தன் வீட்டுக்காரரை விட்டு எழுதச் சொல்கிறேன் என்றாள்.

கர்னலின் ஜீப்பு அவர்களை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் விட்டது. முதல் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.

"அவரு எழுத வந்தாரு," என்றாள் ஞானமேரி.

யாகப்பன் குனிந்து பூட்ஸைத் துடைத்தார்.

"லூர்து மூஞ்சியப் பாத்து என்னா சொல்லுவீங்க?"

டீ வந்தது. இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக்கொண்டார். "எத்தன பேரு நின்னாங்க பாத்தியா, ஞானம்?" என்றார். "கர்னலுக்கும் மேல, பிரிகேடியரு நின்னாரு. எம் பேரச் சொல்லி நின்னாங்க. ஹவில்தாருன்னாரு."

"பாத்தன்," என்றாள் அவள். "நீங்களுந்தான நின்னீங்க."

நீலப்பட்டு அம்மாளிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. சாம்பல் புதன் வந்தது, போனது. அருள்சாமி ஈஸ்டர் கழித்து வேறு இடத்தில் பெண் எடுத்தார். லூர்து மேரியை அடுத்த வருஷம் சேலத்தில் மனைவியை இழந்த ஒரு கொத்தனாருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு முதல் தாரத்துக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர். அவள் கெட்டுப்போய்விடவில்லை, நன்றாகவும் இல்லை. கர்னல் பொன்னப்பா எண்பத்தெட்டில் மாரடைப்பில் இறந்தார். டப்பி பட்டாளத்துக்குத் திரும்பிப் போனதாகவும், கண்ணாடிப் பெட்டியில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். அன்றிரவு நடந்ததைப் பற்றி யாகப்பன் ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; மேசையில் பேசியது மேசையோடு போயிற்று. தொண்ணூறில், தக்காளித் தோட்டத்தில் வாய்க்கால் மாற்றிக்கொண்டிருந்தபோது விழுந்து செத்தார். ஞானமேரி அந்த வெள்ளைத் தாளில் 'ஹவில்தார் யாகப்பன்' என்று எழுதி, அவர் ஆத்துமத்துக்கான பூசையில் வாசிக்கக் கொடுத்தாள். சாமியார் யாகப்பன் என்று மட்டும் வாசித்தார். அதன் பிறகுதான் அவள் நடந்ததை எல்லாரிடமும் சொன்னாள், குள்ளம்மாளிலிருந்து மணி அடிக்கிற கோயில்பிள்ளைவரை. செத்த புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்லுகிற கதை என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் வழி கேட்டால் பொடிடப்பி வீடு என்றுதான் காட்டுகிறார்கள்.